38-உம் 529-உம்: ஒரு விடுதிக் குலுக்கலில் ஐந்து தோழிகள்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் ஒரு சிறிய கல்லூரியில் நான் விடுதிப் பொறுப்பாளராக வேலை பார்த்தபோது நடந்தது இது. கல்லூரியின் பெயரையும் மாணவிகளின் பெயர்களையும் போடவில்லை, ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். நம் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது இளங்கலைக்கே அங்கே போகிறார்கள், ஆனால் இரண்டாம் ஆண்டு அறைக்குக் குலுக்கல் உண்டு என்பது போன பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. விடுதி வேலையில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் தவறிய இடங்களும் இதில் இருக்கின்றன.

பின்னணி: அறை எப்படிக் கிடைக்கிறது

முதலாண்டில் பெரிய சிக்கல் இல்லை. கோடை விடுமுறையில் ஒரு படிவம் வரும்: எத்தனை மணிக்குத் தூங்குவாய், சத்தம் இருந்தால் படிக்க முடியுமா, அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வாயா என்று. அதைப் பார்த்து அலுவலகமே ஜோடி சேர்த்து அறை போட்டுவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து அவரவரே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் நான்கு ஆண்டும் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும், எல்லா அறைக்கும் கிட்டத்தட்ட ஒரே கட்டணம், அதனால் நல்ல அறை யாருக்கு என்பதைப் பணத்தை வைத்து முடிவு செய்ய வழி இல்லை. அங்கேதான் குலுக்கல் வருகிறது.

கணினி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போடும். சிறிய எண் கிடைத்தவருக்கு முதல் வாய்ப்பு. அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டுக்குப் போகிறவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு மூன்றாம் ஆண்டு, கடைசியில் இரண்டாம் ஆண்டு. மருத்துவக் காரணத்துக்காகத் தனி அறை தேவைப்படுபவர்களுக்கு முன்பே ஒதுக்கி வைத்துவிடுவோம். முன்பெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்தில் மாடிப் படங்களைச் சுவரில் ஒட்டி, எண்ணைக் கூப்பிட்டு, ஆள் வந்து அறையைக் காட்டுவார்களாம். நான் சேர்ந்தபோது எல்லாம் இணையதளத்துக்குப் போய்விட்டது: உங்கள் நேரம் வந்ததும் காலியான அறைகள் பச்சையில் தெரியும், மூன்று நிமிடத்துக்குள் ஒன்றைத் தொட வேண்டும்.

தனி ஆளாகக் கலந்துகொண்டால் இந்த முறை நேர்மையானது, எளிமையானதும்கூட. உங்கள் முறை வரும்போது இருப்பதில் பிடித்ததை எடுத்தால் போதும், அதைவிடச் சாமர்த்தியமான வழி எதுவும் கிடையாது. பொருளியலில் இதைத் தனிப் பிரிவாகவே ஆராய்கிறார்கள். 1998-இல் அப்துல்காதிரோலு, சோன்மெஸ் என்ற இருவர் காட்டிய ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்: எண் போட்டு வரிசையாகத் தேர்ந்தெடுக்க விடுவதும், முதலில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அறையைக் கொடுத்துவிட்டுப் பிறகு தங்களுக்குள் முறைப்படி மாற்றிக்கொள்ள விடுவதும், கணக்கில் ஒரே இடத்தில்தான் போய் முடியும் என்றார்கள்.

ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் யாரும் தனி ஆளாகப் போக விரும்புவதில்லை. தோழிகளோடு போக வேண்டும். குழு என்று வந்துவிட்டால் அந்த எளிமை போய்விடுகிறது, ஏனென்றால் நான்கு பேருக்கு நான்கு எண், அதில் எந்த எண் செல்லும் என்று யாராவது ஒரு விதி போட்டாக வேண்டும். சில இடங்களில் சராசரி எடுக்கிறார்கள். ஹார்வர்டில் இந்தச் சிக்கலே வராது, எட்டுப் பேர் வரை ஒன்றாகப் பதிந்துகொள்ளலாம், 12 இல்லங்களில் எது என்பதைக் குலுக்கல் சொல்லிவிடும், அங்கே தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் கல்லூரியில் இருந்த விதி இது: குழுவில் யாருடைய எண் மிகச் சிறியதோ, அதுவே குழுவின் எண். அதோடு, எண் வெளியான பிறகும் இரண்டு நாள் வரை குழுவை மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது.

ஐந்து பேர்

மூன்றாம் மாடியில் ஐந்து முதலாண்டு மாணவிகள். ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். ஒருத்தி நீச்சல் அணியில் இருந்தாள். ஒருத்தி வேதியியல் படிக்க வந்தவள், அதிகம் பேசமாட்டாள், ஆய்வகத்திலிருந்து நேரம் கழித்து வருவாள். மீதி இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள், எப்போதும் சேர்ந்தே திரிவார்கள், இங்கே அவர்களை அறைத்தோழிகள் என்றே குறிப்பிடுகிறேன்.

அக்டோபரிலிருந்து ஐவரும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போவார்கள். ஜனவரியில் அடுத்த ஆண்டும் சேர்ந்தே இருப்போம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் கண் வைத்திருந்தது நால்வர் சூட்: நான்கு சின்னப் படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், ஓரத்தில் அடுப்புள்ள சமையலறை. இரண்டாம் ஆண்டுக்கு என்று அப்படி 42 சூட்கள் ஒதுக்கியிருந்தோம். ஐந்து பேருக்கு சூட் கிடையாது. யாராவது ஒருத்தி பக்கத்தில் சிங்கிள் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது, யார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கோவைப் பெண்ணுக்கு சூட் என்பது வெறும் வசதி இல்லை. அவள் சைவம், டைனிங் ஹாலில் வாரத்தில் நான்கு நாள் பாஸ்தாவும் சாலடும்தான் அவளுக்கு. கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் வைத்திருந்தாள், சாதாரண அறைகளில் அது கூடாது, தீயணைப்பு விதி. எனக்குத் தெரியும், ஒருமுறை சொல்லி வைத்தேன், பிறகு கேட்கவில்லை. சூட்டில் குக்கர் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு: குளிர்கால விடுமுறையில் பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவோம், சூட் கட்டடங்கள் மட்டும் திறந்திருக்கும். டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் கடைசி: எண் வருவதற்கு முன்

குழுப் பதிவு திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவே நான்கு பேர் கொண்ட குழு ஒன்று பதிவானது: நீச்சல் பெண், அறைத்தோழிகள் இருவர், கோவைப் பெண். வேதியியல் பெண்ணிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் இணையதளத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். தன் பெயருக்கு எதிரே குழு இல்லை என்று இருந்தது, மற்ற நால்வரையும் தேடினால் குழுவில் சேர்ந்துவிட்டார்கள் என்று வந்தது. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அன்றும் செவ்வாய்க்கிழமையும் அவள் அவர்களோடு சாப்பிடப் போனாள். யாரும் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த இரண்டு நாளும் தினமும் நான் அந்த மாடிக்குப் போய் வந்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

புதன் மாலை: எண்கள்

மாலை 5 மணிக்கு எண்கள் வெளியாயின. இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவர்கள் 560 பேர். நீச்சல் பெண்ணுக்கு 211, அறைத்தோழிகளுக்கு 347, 402, கோவைப் பெண்ணுக்கு 529. வேதியியல் பெண்ணுக்கு 38.

211 என்றால் பாதிக்கு மேலே இருக்கிறோமே என்று தோன்றும். தோன்றுவது தவறு. எல்லோரும் நான்கு நான்கு பேராகச் சேர்ந்தால் 140 குழுக்கள், ஒவ்வொரு குழுவும் தன்னிடம் உள்ள மிகச் சிறிய எண்ணோடு வரும், அது சராசரியாக 112-ஐ ஒட்டி இருக்கும். 211-ஐக் கொண்டு வரும் குழுவுக்கு முன்னால் ஏறக்குறைய 85 சதவீதக் குழுக்கள் நிற்கும், அதாவது 119 குழுக்கள். இருப்பது 42 சூட். அதே கணக்கில் 38-க்கு முன்னால் சுமார் 34 குழுக்கள்தான், சூட் கிட்டத்தட்ட உறுதி. மாணவர்கள் இப்படிக் கணக்குப் போடுவதில்லை, ஆனால் மூத்த மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், அரை மணி நேரத்தில் மாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

5.20-க்குக் கோவைப் பெண் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். 5.22-க்கு வேதியியல் பெண்ணுக்கு அழைப்பு போனது. பதிவேட்டில் நேரம் இருந்தது.

நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஏன் அவளை நீக்கினார்கள்? எங்கள் விதிப்படி 529 யாருக்கும் பாரம் இல்லை. சிறிய எண்தான் செல்லும், பெரிய எண் குழுவைக் கீழே இழுக்காது. சராசரி விதியாக இருந்தால் 529 உண்மையிலேயே பாரமாகியிருக்கும், எங்களிடம் அது இல்லை. 38 உள்ளே வர ஓர் இடம் வேண்டும், யாராவது வெளியே போக வேண்டும், யார் என்று அவர்களாகச் சொல்லத் துணிவில்லாதபோது எண்ணைக் கைகாட்டிவிட்டார்கள். குலுக்கல் எண் என்பது யாரும் பொறுப்பேற்க வேண்டியிராத ஒரு காரணம், அந்த வயதில் அது பெரிய வசதி.

வியாழன்: வந்து பேசியவர்கள்

காலை 9 மணிக்குக் கோவைப் பெண் என் அறைக்கு வந்தாள். அழவில்லை. நான் செய்த முதல் தவறு இங்கேதான். குழுவை மாற்றிக்கொள்ள வெள்ளி மதியம் வரை விதி இடம் கொடுக்கிறது, அவர்கள் செய்தது விதிமீறல் இல்லை, உனக்கு இன்னும் என்னென்ன வழி இருக்கிறது பார்க்கலாம் என்று படிவத்தை எடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரூல்ஸ் எனக்கும் தெரியுங்க்கா. நான் அதைக் கேக்க வரல" என்றாள். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். என்ன கேட்க வந்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மதியம் அவள் அப்பா கோவையிலிருந்து கூப்பிட்டார், அங்கே நள்ளிரவு நெருங்கும் நேரம். பணம் அதிகம் கட்டினால் தனி அறை கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். கிடைக்காது, இங்கே அப்படி வழி இல்லை என்று விளக்கினேன். "அப்ப அவ எங்கதாங்க தங்குவா?" என்றார். எல்லோருக்கும் இடம் நிச்சயம் உண்டு, எது என்பதுதான் தெரியாது என்றேன். அது உண்மைதான், ஆனால் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒருவருக்கு அது போதுமான பதில் இல்லை.

வேதியியல் பெண் இரவு 10 மணிக்கு வந்தாள். அழைப்பை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. திங்கட்கிழமை முதல் நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: தனக்கு 500-க்கு மேல் எண் வந்திருந்தால் அவர்கள் தன்னிடம் எப்போது சொல்லியிருப்பார்கள்?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஐவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டாம் என்பது. வழக்கமாக நாங்கள் அப்படித்தான் செய்வோம். ஆனால் மறுநாள் மதியம் கெடு, கையில் 38 இருப்பவளை நான்கு பேர் முன்னால் உட்கார வைத்தால் அது அவளிடம் கெஞ்சுவதாகவோ அவளை நெருக்குவதாகவோதான் முடியும். தனித்தனியாகவே பேசினேன். இதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

இரண்டாவது, கோவைப் பெண்ணை நீக்கியதை ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்தில் கேட்க வேண்டாம் என்பது. கேட்டிருந்தாலும் நடந்திருக்காது. நடந்தாலும் தன்னை வேண்டாம் என்று சொன்னவர்களோடு ஓர் ஆண்டு ஒரே கூடத்தில் அவள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேதியியல் பெண்ணுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்து வைத்தது. அழைப்பை ஏற்று சூட்டுக்குப் போகலாம். கோவைப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு நல்ல டபுள் எடுக்கலாம். கோவைப் பெண்ணோடுதான் வருவேன் என்று சூட் குழுவிடம் சொல்லலாம், ஆனால் அப்போது அந்த மூவரில் ஒருத்தி வெளியே போக வேண்டும். அல்லது தனியாகப் போய், இரண்டாம் ஆண்டுக்கு மிச்சமிருக்கும் சில சிங்கிள்களில் ஒன்றை எடுக்கலாம். நான் எதையும் வற்புறுத்தவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சிங்கிளைப் பற்றிச் சொல்லும்போது, அதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்த வார்த்தை அவளுக்குள் எங்கே போய் விழும் என்று நான் யோசிக்கவில்லை.

கணித அறிஞர்கள் கேல், ஷாப்லி இருவரும் 1962-இல் எழுதிய கட்டுரையில் அறைத்தோழர் சிக்கல் என்று ஒரு சின்ன எடுத்துக்காட்டு வரும். நான்கு பேரை இரண்டு அறைகளில் போட வேண்டும். மூன்று பேரின் விருப்பம் சுற்றிச் சுற்றி வருகிறது, நான்காவது ஆள் எல்லோருக்கும் கடைசி. எப்படி ஜோடி போட்டாலும் அந்த நான்காவது ஆளோடு மாட்டியவர் வெளியேற நினைப்பார், அவரைக் கூப்பிட்டுக்கொள்ள இன்னொருவர் தயாராகவும் இருப்பார், நிலையான ஏற்பாடே அமையாது. முன்பு படித்தபோது அதைக் கணக்காகத்தான் படித்தேன். அன்று இரவுதான் அந்த நான்காவது ஆளுக்கு ஒரு முகம் இருக்கும் என்று உறைத்தது.

வெள்ளி காலை வேதியியல் பெண் கோவைப் பெண்ணிடம் போய் டபுள் எடுக்கலாமா என்று கேட்டாள். கோவைப் பெண் நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். அவள் என்னிடம் சொன்ன காரணம்: "ஞாயித்துக்கிழமை நானும்தானுங்க்கா அவகிட்ட சொல்லாம இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் போறது." அவள் வியாழன் காலையில் என்னிடம் கேட்க வந்ததும் இதுதான் என்று அப்போது புரிந்தது. தான் நீக்கப்பட்டதைப் பற்றி அவள் கேட்க வரவில்லை, தான் செய்ததைப் பற்றிப் பேச வந்திருக்கிறாள், நான் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முற்பகல் 11.40-க்கு வேதியியல் பெண் அழைப்பை மறுத்தாள்.

தேர்வு நாள்

ஞாயிறு மதியம் வேதியியல் பெண் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துதான் தேர்ந்தெடுத்தாள். மடிக்கணினியில் மாடிப் படம் திறந்திருந்தது. அவளுக்கு முன்னால் இருப்பவர்கள் எடுக்க எடுக்கப் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின, எட்டு சிங்கிள்கள் ஐந்தாகி, பிறகு நான்கில் நின்றன. நேரம் வந்ததும் பழைய செங்கல் கட்டடத்தின் மூலையறையைத் தொட்டாள், இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறை. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணினியை மூடிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நீச்சல் பெண்ணும் அறைத்தோழிகளும் 211-ஐ வைத்துக்கொண்டு தரைத்தளத்தில் ஒரு ட்ரிப்பிள் எடுத்தார்கள். கோவைப் பெண்ணின் முறை மாலை 6 மணிக்கு மேல் வந்தது, அப்போது ஒரு பச்சைக் கட்டமும் இல்லை. காத்திருப்புப் பட்டியலில் சேர்த்தோம்.

அதன் பிறகு

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கோடையில் அறை வரும். விடுப்பில் போகிறவர்கள், கல்லூரி மாறுகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அவை. கோவைப் பெண்ணுக்கு ஜூன் கடைசியில் கடிதம் வந்தது, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த ஒரு மாணவியோடு டபுள். அறை மோசமில்லை, அந்த மாணவியோடு நன்றாகவே ஒத்துப்போனது. ஆனால் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை எங்கே இருக்கப் போகிறோம் என்று தெரியாமல் இருந்ததைத்தான் அவள் அடிக்கடி சொல்வாள். ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காலேஜ் எப்படி என்பதற்கு அடுத்த கேள்வி ஹாஸ்டல் எப்படி என்பதாம். அந்தக் கட்டடம் குளிர்காலத்தில் பூட்டுவது என்பதால் டிசம்பருக்கு அவளுக்குத் தனியாக இடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

ட்ரிப்பிளில் இருந்த மூவரும் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் ஆண்டை முடித்தார்கள். நீச்சல் பெண் மட்டும் செப்டம்பரில் கோவைப் பெண்ணிடம் போய் மன்னிப்பு கேட்டாள் என்று தெரியும்.

நான் எதிர்பாராதது மூலையறையில் நடந்தது. அக்டோபரில் வேதியியல் பெண் டைனிங் ஹாலுக்கு வருவது குறைந்தது, சாப்பாட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தக் கட்டடத்தில் பெரும்பாலும் நான்காம் ஆண்டு மாணவர்கள், அவளுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எண்ணின்படி பார்த்தால் அவளுக்குத்தான் ஐவரிலும் நல்ல அறை. நவம்பரில் அவளே வந்து அறை மாற்றம் கேட்டாள், ஜனவரியில் தன் ஆய்வகத் தோழி ஒருத்தியோடு டபுளுக்குப் போனாள். அந்த இரண்டு மாதமும் நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. நல்ல எண் வந்தவளுக்கு நல்ல அறை கிடைத்துவிட்டது, கவனிக்க வேண்டியது 529-ஐத்தான் என்று என் மனதில் இருந்தது.

என்ன மாற்றினோம், என்ன மாற்றியிருப்பேன்

அடுத்த ஆண்டு அலுவலகத்தில் பேசி ஒரு விதியை மாற்றினோம்: எண் வெளியாகும் முன்பே குழு மூடிவிடும், பிறகு யாரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. எண்ணைக் காட்டி ஆளை மாற்றுவது நின்றது. சராசரி விதியையும் பேசினோம், நான் எதிர்த்தேன், அதில் பெரிய எண் நிஜமாகவே பாரமாகிவிடும்.

ஆனால் இந்த மாற்றத்தால் வருத்தம் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. எண் வந்த வாரத்தில் என் கதவைத் தட்டியவர்கள் குறைந்தார்கள், அதற்கு இரண்டு வாரம் முன்பு தட்டியவர்கள் கூடினார்கள். சாக்குச் சொல்ல எண் இல்லாததால் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, சிலர் சொன்னார்கள், சிலர் அப்போதும் சொல்லவில்லை. ஐந்து பேருக்கு நால்வர் சூட் போதாது என்பதை எந்த விதியும் மாற்றாது. ஐவர் சூட் சிலவற்றையாவது கட்டடத்தில் உருவாக்கலாமே என்று எழுதிக் கொடுத்தேன், நான் இருந்தவரை அது நடக்கவில்லை.

நானாக மாற்றிக்கொண்டது இரண்டு. பிப்ரவரியிலேயே ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, எத்தனை பேர் சேர்ந்து இருக்க நினைக்கிறீர்கள், அந்த எண்ணிக்கைக்கு அறை இருக்கிறதா, இல்லை என்றால் யார் எங்கே என்று குழுப் பதிவுக்கு முன்பே பேச வைத்தேன். அப்புறம், யாராவது கதவைத் தட்டினால் படிவத்தை எடுப்பதற்கு முன் என்ன கேட்க வந்தாய் என்று கேட்கத் தொடங்கினேன். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செய்தி ஏதும் இல்லாவிட்டாலும், கடிதம் போனது.

கோவைப் பெண் இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் ஆர்.ஏ. வேலைக்கு விண்ணப்பித்தாள். ஒரு மாடியின் மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் மாணவப் பொறுப்பு அது, ஆர்.ஏ.க்களுக்குக் குலுக்கல் கிடையாது, அறை தானாக வந்துவிடும். அதற்காகத்தான் விண்ணப்பித்தேன் என்று நேர்காணலில் மறைக்காமல் சொன்னாள், எடுத்துக்கொண்டோம். மூன்றாம் ஆண்டில் அவளுக்குக் கொடுத்தது ஒரு முதலாண்டு மாடி. மார்ச்சில் குழுப் பதிவு திறந்த ஞாயிறு இரவு ஒரு மணிக்கு நான் அந்த மாடி வழியாகப் போனபோது அவள் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், இவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிற்காமல் நடந்துவிட்டேன்.